செவ்வாய்க்கிழமை கோலாலம்பூருக்குப் போன நிலா வண்டி

பேட்டரியும் மோட்டாரும் வைத்த வண்டியைப் போட்டிக்கு எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிற பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆயர் குரோவில் படிக்கிற என் பேத்தியும் அவள் கூட்டாளிகளும் செவ்வாய்க் கிரகத்து மண்ணில் ஓடுகிற மாதிரி ஒரு வண்டி செய்திருக்கிறார்கள். அடுத்த மாதம் கோலாலம்பூருக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். "நீங்களும் அந்தக் காலத்துல ஒரு வண்டிய எடுத்துட்டுப் போனீங்களாமே பாட்டி, எழுதுங்களேன்" என்றாள். எழுதுகிறேன். எனக்குத் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரைதான் படிப்பு. அதனால் படித்தவர்கள் எழுதுவது மாதிரி வராது. ஆனால் நடந்ததில் ஒன்றும் மறக்கவில்லை.

நான் போனது 1972-இல். எங்கள் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்துப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது. அதற்கு முந்தின வருடம்தான் அமெரிக்காக்காரர்கள் நிலாவில் கார் ஓட்டியிருந்தார்கள். பத்திரிகையில் வந்த அந்தப் படத்தை என் வீட்டுக்காரர் முடிவெட்டும் கடையிலிருந்து கேட்டு வாங்கி வந்து, காஜா பேராங்கில் நாங்கள் குடியிருந்த வீட்டுச் சமையல்கட்டுச் சுவரில் சோற்றுப் பசையால் ஒட்டினார். "பெட்ரோல் கிடையாது, தெரியுமா? அங்க காத்தே இல்ல, பெட்ரோல் எப்படி எரியும்? எல்லாம் பேட்டரி. நாலு சக்கரத்துக்கும் தனித்தனியா மோட்டாரு" என்றார். அவருக்கு அதுதானே தொழில். தெங்கேராவில் அவருடைய அண்ணனின் கடையில் கார் பேட்டரிகளுக்கு சார்ஜ் ஏற்றுகிற வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கேதான். சட்டையெல்லாம் ஆசிட் தெறித்த ஓட்டைகள்.

அண்ணன் பெயர் மாரிமுத்து. பெயரைச் சொல்லாமல் விடலாம், ஆனால் நான் விடமாட்டேன்.

அந்த வருடம் கோலாலம்பூரில் ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியில் போட்டி வைத்தார்கள். நிலாவிலோ செவ்வாயிலோ ஓடக்கூடிய வண்டிக்கு ஒரு மாதிரி செய்துகொண்டு வர வேண்டும். மணலில் ஓடி, கல்லைத் தாண்டி, ஒரு மேட்டில் ஏறி இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். பேட்டரி அவரவர் கொண்டுவர வேண்டும். ஜெயித்தால் ஒரு வருடம் அந்தப் பள்ளியிலேயே பயிற்சி. கல்யாணம் ஆனவர்களுக்குக் குடியிருக்க அறையும் தருவார்கள். என் வீட்டுக்காரருக்கு அது அண்ணன் கடையிலிருந்து வெளியே வருகிற வழி. எனக்கு என் மாமியார் வீட்டிலிருந்து வெளியே வருகிற வழி. இரண்டு பேருமே அதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

மாமியாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு ஜாதகம் எழுதவில்லை. ரப்பர் தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கு யார் எழுதுவார்கள்? கல்யாணம் முடிந்த பிறகு ஒரு ஜோசியர் என் பிறந்த நேரத்தைக் கேட்டு, செவ்வாய் தோஷம் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்த வீட்டில் பால் திரிந்தால் நான், கோழி செத்தால் நான், இவருக்குக் காய்ச்சல் வந்தால் நான். இவர் மட்டும் சிரிப்பார். "இருங்கம்மா, அந்தச் செவ்வாய்க்கே வண்டி விடப்போறேன். உங்க மருமக மேல அதுக்கு என்ன கோபம்னு நேர்லயே கேட்டுட்டு வந்துர்றேன்" என்பார். இந்தச் சிரிப்பை நம்பித்தான் நான் அந்த வீட்டில் இருந்தேன்.

வண்டி ஒரு காப்பி மேசை அளவு இருக்கும். மோட்டார்கள் பழைய கார்களில் கண்ணாடி துடைக்கிற மோட்டார்கள். முதலில் சைக்கிள் ரப்பர் சுற்றிய சக்கரம் போட்டு, கிளேபாங் கடற்கரையில் ஓட்டிப் பார்த்தோம். மணலில் அரை அடி போனதும் புதைந்துகொண்டது. அப்புறம்தான் சுவரில் ஒட்டிய படத்தை உற்றுப் பார்த்தோம். நிலா வண்டியின் சக்கரம் கம்பி வலை. அங்கே வெயிலிலும் குளிரிலும் ரப்பர் தாங்காதாம். சக்கரத்தை நான் பின்னினேன். என் அப்பா மீன் பிடிக்கிற கூடுகளைக் கம்பியில் பின்னுவார், நான் கூட இருந்து செய்திருக்கிறேன். சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்து, சட்டியைக் கவிழ்த்து அச்சாக வைத்துப் பின்னினேன். நெருக்கிப் பின்னியபோது சக்கரம் கட்டையாகிக் கல்லில் துள்ளியது. இளக்கிப் பின்னியபோது பேட்டரி கனத்தில் சப்பையாகிவிட்டது. மூன்றாவது தடவை நடுத்தரமாகப் பின்னி, பால் டின்னை வெட்டிய தகடுகளைக் குறுக்கே வைத்துக் கட்டினேன். விரல் நுனியெல்லாம் கிழிந்து, ஒரு மாதம் சாம்பார்ப் பொடியில் கை வைக்க முடியவில்லை. ஆனால் வண்டி கிளேபாங் மணலில் நண்டு போவது மாதிரி போனது. இவர் பின்னாலேயே குனிந்துகொண்டு ஓடினார். அவர் அப்படி ஓடி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அமெரிக்காவிலும் அந்தச் சக்கரத்தைக் கையால்தான் பின்னினார்கள் என்று பேத்தி போன வாரம் படித்துச் சொன்னாள். யார் பின்னினார்கள், அவர்கள் மாமியார் என்ன சொன்னார் என்று போட்டிருக்கிறதா என்று கேட்டேன். போடவில்லையாம்.

இனிப் பயணம். போட்டி ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு மணிக்கு. ஒரு நாள் முன்னதாகப் போயிருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் திங்கட்கிழமை கடையில் வேலை அதிகம், லீவு கிடையாது என்று மாரிமுத்து சொல்லிவிட்டார். செவ்வாய்க்கிழமை நல்ல காரியத்துக்கு வீட்டை விட்டுக் கிளம்பக் கூடாது என்று மாமியார் வாசலை மறித்துக்கொண்டார். அதுவும் நான் கூடப் போகிறேன் என்றதும் கேட்கவே வேண்டாம். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். பரஸ்தானம் வைப்பது. போகிற நாள் சரியில்லை என்றால், நல்ல நாளிலேயே பயணச் சாமானில் ஒன்றை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. அப்போது பயணம் அன்றைக்கே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. திங்கட்கிழமை நல்ல நேரம் பார்த்து, சார்ஜ் ஏற்றி முடித்த பேட்டரியை மஞ்சள் துணியில் மாமியார் தன் கையாலேயே கட்டினார். சுருக்குப் போட்டு, ஒரு காதை மேலே விட்டு, பூ முடிவது போல ஒரு முடிச்சு. "போற இடத்துலதான் இத அவுக்கணும். நடுவுல அவுத்தா கட்டினதுக்கு அர்த்தமில்ல" என்றார். பேட்டரி எந்த வீட்டுக்குப் போனது? தெங்கேராவுக்கு. அண்ணன் வீட்டுக்கு.

பேட்டரிதான் இருக்கிற சாமான்களில் கனம், கடையிலேயே சார்ஜ் போட்டது, அங்கிருந்து எடுத்துக்கொள்வதும் சுலபம். இவர்கள் யோசித்தது அவ்வளவுதான். எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "சீப்பு கண்ணாடிய வச்சா ஆகாதா அத்தை?" என்று கேட்டேன். "உன் புத்தி வேற எங்க போகும்?" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குப் பெச்சா என்கிற சைக்கிள் ரிக்சா பிடித்தோம். காஜா பேராங்கிலிருந்து தெங்கேரா போய், அங்கிருந்து பஸ் நிலையத்துக்கு, எங்கள் ஊர்ப் பணத்தில் மொத்தம் ஒரு வெள்ளி. மிதித்தவர் வயதான சீனர். வண்டியைப் பார்த்து "இனி அப்பா?" என்றார். இது என்ன என்று கேட்கிறார். இவர் வானத்தைக் காட்டி, "கெரேத்தா பூலான்" என்றார். நிலா கார். பெச்சாக்காரர் மேலே பார்த்தார், எங்களைப் பார்த்தார், "அவ்வளவு தூரம் என்றால் இன்னும் ஐம்பது காசு கொடு" என்று மலாயில் சொல்லிவிட்டு மிதிக்கத் தொடங்கினார். அன்றைக்கு நாங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

தெங்கேராவில் மாரிமுத்து வீட்டு வாசலிலேயே பேட்டரி இருந்தது. அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. அவர் மனைவி செல்லம்மா, எனக்கு ஓரகத்தி, கொட்டாவி விட்டுக்கொண்டே எடுத்துக்கொடுத்தாள்.

பஸ் ஏழரைக்கு. ஆளுக்கு நாலு வெள்ளி. நடத்துநர் நம் ஆள். வண்டியைக் கூரைமேல் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டிக்கொடுத்தார். பேட்டரியைப் பார்த்ததும் கையை விரித்தார்.

"அண்ணே, ஆசிட்டு ஊத்திச்சின்னா யாருலா பதில் சொல்றது? என் வேல போயிரும்."

"என் கால் ரெண்டுக்கும் நடுவுல வச்சுக்கிறேன் தம்பி. ஊத்தினா என் கால்தான் வேகும்."

"கால் வெந்தா டிக்கெட் காசு திருப்பித் தர மாட்டேன், பாத்துக்குங்க" என்று சொல்லி ஏற்றிக்கொண்டார். நல்ல பிள்ளை.

அலோர் காஜா தாண்டுகிற வரைக்கும் இருபுறமும் ரப்பர் மரம்தான். நான் வெளியே பார்க்கவில்லை, கீழே இருந்த மஞ்சள் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் காதும் இல்லை, சுருக்கும் இல்லை. மூட்டை கட்டுவது மாதிரி இரண்டு தடவை இறுக்கிப் போட்ட முடிச்சு.

"என்னங்க, இது அத்தை போட்ட முடிச்சு இல்ல."

"சும்மா இரு."

"யாரோ அவுத்துட்டுக் கட்டியிருக்காங்க. அவுத்துப் பாருங்க."

"போற இடத்துல அவுக்கலாம். அம்மா சொல்லியிருக்காங்கல்ல."

அம்மா சொன்னதற்காக அவர் அப்படிச் சொல்லவில்லை. அவர் முகம் எனக்குத் தெரியும். அவிழ்த்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் அண்ணனைக் கேட்க வேண்டும். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வழியில் சிரம்பானில் எத்தனையோ பட்டறைகள் இருந்தன. காலையிலேயே அவிழ்த்துப் பார்த்திருந்தால் இறங்கி ஒரு பேட்டரி இரவல் கேட்டிருக்கலாம். இதை நான் அப்போதும் சொன்னேன், அதற்கப்புறம் முப்பது வருடமும் சொன்னேன்.

ரெம்பாவுக்குப் பக்கத்தில் பஸ் டயர் வெடித்தது. மழை வேறு. மாற்றுச் சக்கரம் போட்டுக் கிளம்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. தொண்ணூறு மைலுக்கு நாலு மணி நேரம் என்று சொன்ன பஸ், கோலாலம்பூரில் புடுவில் எங்களை இறக்கியபோது மணி ஒன்று. சாப்பிடவில்லை. டாக்சிக்கு மூன்று வெள்ளி கொடுத்துப் பள்ளிக்கு ஓடினோம்.

அங்கே ஒரு பெரிய கொட்டகை. நடுவில் மணலும் சாம்பலும் கலந்து கொட்டி, கல் போட்டு, ஒரு மேடு கட்டியிருந்தார்கள். சுற்றிலும் நிலாப் படங்கள். எல்லாப் படத்திலும் வானம் கறுப்பு, மண் சாம்பல். ஒரு மரம் இல்லை, ஒரு ஆள் இல்லை. இந்த இடத்துக்கு வரவா இவ்வளவு பாடு என்று நினைத்துக்கொண்டேன். இவர் துணியை அவிழ்த்து, பேட்டரியை வண்டியில் வைத்து, ஒரு சின்ன பல்பை வைத்துப் பார்த்தார். பல்பு மஞ்சளாக எரிந்தது. நன்றாக சார்ஜ் உள்ள பேட்டரியில் அது வெள்ளையாக எரியும். அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட எனக்கே அது தெரியும். அவர் பல்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்குள் எங்கள் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வண்டி ஓடியது. சும்மா சொல்லக் கூடாது, மணலில் புதையவே இல்லை. எங்களுக்கு முன்னால் ஓடிய இரண்டு வண்டிகள் நின்றுபோன கல்லை, என் சக்கரம் அமுங்கிக் கொடுத்துத் தாண்டியது. கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். மேட்டில் பாதி ஏறியதும் மோட்டார் சத்தம் இறங்கியது. அழுது அழுது ஓய்கிற குழந்தை மாதிரி இறங்கி, நின்றது. இவர் ஓரத்தில் நின்று கையை மட்டும் நீட்டினார், தள்ளிவிடுவது போல. தொடக் கூடாது என்பது விதி. மணி அடித்துவிட்டார்கள்.

டை கட்டிய ஒருவர் வந்து குனிந்து சக்கரத்தை அமுக்கிப் பார்த்து, மலாயில் யார் பின்னியது என்று கேட்டார். இவர் என்னைக் காட்டி, "பினி சாயா" என்றார். என் மனைவி. அவர் எனக்குத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் நாலு பேர் முன்னால் என் பக்கம் பேசியது அந்த ஒரு தடவைதான். அதனால்தான் எழுதுகிறேன். நல்லதையும் நான் மறப்பதில்லை.

திரும்பும் பஸ் ஐந்து மணிக்கு. அந்த நடத்துநர் கூரையில் கோழிக்கூடு ஏற்றியாகிவிட்டது, இடமில்லை என்றார். எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தோம். வண்டியைப் புடுவில் சாலையோர ஒட்டுக்கடை ஒன்றின் சுவர் ஓரம் நிறுத்திவிட்டு ஏறினோம். நான் மட்டும் இடுக்கியை வாங்கி ஒரு சக்கரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். பேட்டரி அண்ணன் கடையுடையது, அதனால் அது பத்திரமாக எங்களோடு திரும்பி வந்தது. வழியில் இவர் பேசியது ஒரே ஒரு பேச்சு. "அண்ணன்கிட்ட ஒண்ணும் கேட்டுராத."

வீட்டில் மாமியார் விளக்கேற்றி வைத்துக் காத்திருந்தார். வண்டி இல்லாமல் நாங்கள் வருவதைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். "சக்கரத்த இவ கையால பின்ன விட்டியே, அப்பவே நெனச்சேன்" என்றார். இவர் கால் கழுவப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை செல்லம்மா கோயிலுக்கு வந்தவள் எங்கள் வீட்டுக்கும் வந்தாள். அவளுக்குச் சூதுவாது கிடையாது, அதுதான் கொடுமை. காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னாள்: "அன்னிக்கு எங்க வீட்டுப் பக்கம் கரண்டு போச்சுடி. இவருக்குச் சீட்டாட்டம் நிக்கக் கூடாதே. கார் லைட்ட உங்க பேட்டரியில மாட்டி, விடிய விடிய ஆடினாங்க. என்ன வெளிச்சங்குற! உன் புருஷன் சார்ஜ் போட்டதுன்னா சும்மாவா?"

நான் மாமியாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. இவர் வேலையிலிருந்து வந்ததும் அவர்தான் கேட்டார், நான் கேட்கவில்லை.

"ஏண்டா, பேட்டரிய அவன் அவுத்தானா?"

இவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மாட்டி முடித்துவிட்டுச் சொன்னார்: "இல்லம்மா. அது பழைய பேட்டரி. தாங்கல."

செல்லம்மா சொன்னதை அவருக்கு நான் வாசலிலேயே சொல்லியிருந்தேன். தெரிந்துதான் இல்லை என்றார். மறுநாள் காலை அண்ணன் கடைக்குப் போக வேண்டுமே, அதுதான் காரணம். எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டால் மன்னிக்க வேண்டும் என்று யார் சொன்னது? மாமியார் சாகிற வரைக்கும் அந்த மேட்டில் வண்டி நின்றதற்கு நான்தான் காரணம். சீட்டாட வெளிச்சம் போட்ட மாரிமுத்து மேல் எனக்கு இருக்கிற கோபம் ஒரு பங்கு. சட்டையை ஆணியில் மாட்டியவர் மேல் இருக்கிறது மிச்சமெல்லாம். அவர் அதற்கப்புறம் ஒரு வண்டியும் செய்யவில்லை. சுவரில் இருந்த படம் புகை படிந்து அதுவாக உதிர்ந்தது. அந்தச் செவ்வாயைப் பற்றிய வேடிக்கைப் பேச்சும் நின்றுபோனது. அதே கடையில் வேலை பார்த்து, அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து போய்ச் சேர்ந்தார். சாவு வீட்டில் மாரிமுத்து வந்து அழுதார். எல்லாருக்கும் காப்பி கொடுத்தேன், அவருக்குக் கொடுக்கவில்லை.

நிலாவுக்குக் கொண்டுபோன மூன்று கார்களையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தார்களாம். கல்லையும் மண்ணையும் எடுத்துக்கொண்டார்கள், வண்டிக்கு இடமில்லை. பேட்டரி செத்து, நின்ற இடத்திலேயே இன்னும் நிற்கின்றன. ஓட்டினவன் பெண்டாட்டிக்குத் தோஷம் என்று அந்த ஊரில் யாரும் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. நான் கழற்றி வந்த சக்கரம் சமையல்கட்டில் வெங்காயம் போட்டு வைக்க உதவுகிறது. பேத்தி வந்து அமுக்கிப் பார்த்தாள். இன்னும் அமுங்கி நிமிர்கிறது.

இப்போது போகிறவர்களுக்கு. நெடுஞ்சாலை வந்த பிறகு கோலாலம்பூர் இரண்டு மணி நேரம்தான். ஆனாலும் போட்டி பிற்பகலில் என்றாலும் முதல் பஸ்ஸில் ஏறுங்கள்; டயர் யாருக்கும் சொல்லிவிட்டு வெடிப்பதில்லை. வண்டியைத் திருப்பிக் கொண்டுவரவும் இடம் உண்டா என்று போகும்போதே கேட்டுவிடுங்கள். கழற்றுகிற சாமான்களைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பேட்டரியை ஏறும் முன் ஒரு முறை, இறங்கியதும் ஒரு முறை அளந்து பாருங்கள். சந்தேகம் வந்தால் நடுவழியிலும் பாருங்கள், யார் எதைக் கட்டிக்கொடுத்திருந்தாலும் அவிழ்த்துப் பாருங்கள்.

பேத்தி போகிற நாளும் செவ்வாய்க்கிழமையாக அமைந்திருக்கிறது. அவள் அம்மா, என் மருமகள், தயங்கித் தயங்கி வந்து, "அத்தை, திங்கக்கிழமையே சாமான் எதையாவது வெளிய வைக்கலாமா?" என்று கேட்டாள். செவ்வாய்க்கிழமையே கிளம்பச் சொன்னேன். பஸ்ஸில் கூட்டமும் இருக்காது. பேட்டரி திங்கட்கிழமை ராத்திரி என் கட்டிலுக்கு அடியில் இருக்கும். நான் மேலே படுத்திருப்பேன்.